கால் எரிச்சல் நின்றுவிட்டால் குணமாகிவிட்டதா? சர்க்கரை நோயாளிகள் கவனத்திற்கு



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைச் செயற்குழுவில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கிறோம். இதயம், சிறுநீரகம், கண், பிரசவம் என்று பலவகை மனுக்கள் வருகின்றன. அவற்றில் எங்கள் மனத்தை மிகவும் உறுத்துவது ஒரு வகை: "காலில் புண். ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டும் என்கிறார்கள்."

இப்படி வருபவர்களிடம் உட்கார்ந்து பேசும்போது, இது எப்போது தொடங்கியது என்று கேட்போம். பலரும் ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். முதலில் பாதத்தில் எரிச்சல் இருந்தது. இரவில் தூக்கம் வராது. யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. தைலம் தேய்த்தார்கள், வெந்நீரில் கல் உப்பு போட்டுக் கால் வைத்தார்கள். பிறகு எரிச்சல் தானாகவே குறைந்து நின்றுவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ், குணமாகிவிட்டது" என்று நிம்மதியாக இருந்தார்கள். அதன்பின் ஒரு நாள் காலில் புண்.

எரிச்சல் நின்றது குணம் அல்ல. உணர்ச்சி போனதால் வந்த அமைதி. இந்த ஒரு விஷயத்தை நம் குடும்பங்கள் விளங்கிக்கொண்டால், அல்லாஹ்வின் உதவியால் பல கால்களைக் காப்பாற்றலாம். அதற்காகவே இக்கட்டுரை.

நாம் எப்படியெல்லாம் சொல்கிறோம்?

நரம்புத் தொல்லையைச் சொல்வது கடினம். காய்ச்சலை அளந்து காட்டலாம், வீக்கத்தைத் தொட்டுக் காட்டலாம். இதற்கு வெளியில் எந்த அடையாளமும் இராது. ஆகவே ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்கிறார்கள்: "காலில் எறும்பு ஊர்கிறது", "மிளகாய் அரைத்துத் தடவியது போல் எரிகிறது", "ஊசி குத்துகிறது", "கரண்ட் அடித்தது போல் சுரீரென்று இழுக்கிறது", "பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கிறது", "சாக்ஸ் போடாமலே சாக்ஸ் போட்டது போல் மதமதப்பாக இருக்கிறது", "போர்வை பட்டால்கூட வலிக்கிறது", "செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்துவிட்டேன்".

இவை அனைத்தும் மருத்துவருக்குப் பயன்படும் செய்திகள். "கை கால் குடைச்சல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். எந்த இடம், எந்த நேரம், ஒரு காலா இரண்டு காலா, எத்தனை மாதமாக என்று ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் நமக்கு ஒதுக்கும் சில நிமிடங்களில் அந்தத் தாள் பெரிய வேலை செய்யும்.

இது அரிதான தொல்லையும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14 விழுக்காட்டினருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்னை மாநகரில் 'க்யூர்ஸ்' என்ற பெயரில் நடந்த ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு நரம்புப் பாதிப்பு இருந்தது தெரியவந்தது. சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரிந்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது. "எனக்குப் போன மாதம்தானே சர்க்கரை வந்தது" என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது. போன மாதம் தெரிந்தது. எப்போது வந்தது என்பது வேறு.

நரம்பில் என்ன நடக்கிறது?

உடலிலேயே நீளமான நரம்புகள் முதுகின் அடிப்பகுதியிலிருந்து கால் விரல் நுனிவரை செல்பவை. நரம்புக்கும் இரத்தம் வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் அதற்கு உணவு கொடுக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் அந்தக் குழாய்கள் கெடுகின்றன. நரம்பின் உட்பகுதியும் நேரடியாகச் சேதமாகிறது. ஊருக்குக் குடிநீர்க் குழாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் குறைந்தால் முதலில் தண்ணீர் நிற்பது கடைசித் தெருவில்தானே? அதுபோலத்தான் பாதிப்பு கால் விரல்களில் தொடங்கி, இரு கால்களிலும் மெல்ல மேலேறுகிறது. முழங்கால் அளவுக்கு வந்த பிறகு கைவிரல்களிலும் தொடங்கலாம்.

சேதமான நரம்பு முதலில் பொய்ச் செய்தி அனுப்பும். நெருப்பு இல்லாமலே சுடும், எறும்பு இல்லாமலே ஊரும். இது கற்பனை அல்ல. நரம்பு உண்மையிலேயே அந்தச் செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. இரவில் கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு காரணம், பகலில் இருக்கும் வேலை, பேச்சு, நடமாட்டம் எதுவும் அப்போது இல்லை. மூளைக்கு வரும் செய்தி அது ஒன்றுதான். ஆகவே இதைக் காற்று, கண்ணேறு, யாரோ செய்துவிட்டது என்று எண்ணி மாதக்கணக்கில் அலைய வேண்டாம். ஓதிப் பார்ப்பதும் துஆவும் நம் வழக்கம், அவை தொடரட்டும். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். ஒன்றைச் செய்வதற்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.

சேதம் மேலும் முற்றினால் நரம்பு செய்தி அனுப்புவதையே நிறுத்திவிடும். அப்போது எரிச்சலும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆபத்து கூடுவது அப்போதுதான்.

வேலூர் கற்றுக்கொடுத்த பாடம்

வலி இல்லாத கால் ஏன் ஆபத்தானது என்பதை உலகுக்கு விளக்கிய ஆராய்ச்சிகளில் முக்கியமான ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்து தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீரமைத்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடும் என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவர் கூர்ந்து கவனித்தபோது, விரல்கள் போவது நோயால் அல்ல, வலி தெரியாததால் என்று கண்டார். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது, புண்ணோடே நடப்பார்கள். இரவில் தூங்கும்போது சிலருடைய விரல்கள் குறைந்துபோயின. காவல் இருந்து பார்த்தபோது, எலிகள் கடித்துக்கொண்டிருந்தன. வலிக்காததால் அவர்கள் விழிக்கவில்லை. அதன்பின் சிகிச்சை முடிந்து ஊருக்குப் போகும் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்களாம்.

பிற்காலத்தில் அமெரிக்கா சென்ற அவர், சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே நிலை இருப்பதைக் கண்டு, தொழுநோயாளிகளுக்குச் செய்த பாதப் பாதுகாப்பை அவர்களுக்கும் எடுத்துச் சென்றார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பின் மெத்தென்ற ரப்பர் அடிப்பகுதி, அன்று தொழுநோயாளிகளுக்காக உருவான முயற்சிகளின் தொடர்ச்சிதான்.

வலி அல்லாஹ் நமக்கு வைத்த காவலாளி. அந்தக் காவலாளி போன வீட்டுக்கு நாம்தான் கண்ணால் காவல் இருக்க வேண்டும்.

எல்லாமே சர்க்கரைதானா?

இல்லை. சர்க்கரை நோயாளிக்குக் கால் மதமதத்தால், மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து சர்க்கரை மீதே பழியைப் போட்டுவிடுவது உண்டு. வேறு காரணங்களும் இருக்கலாம். அவற்றில் சில எளிதாகச் சரிசெய்யக் கூடியவை. ஆகவே கீழ்க்கண்டவற்றை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

1. பி12 வைட்டமின் குறைவு. சர்க்கரைக்காக நம்மில் பெரும்பாலோர் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுத்தால், உணவிலுள்ள பி12 உடலில் சேர்வது குறையலாம். "நாம் கறி சாப்பிடுகிறவர்கள், நமக்கு எப்படி வரும்?" என்று கேட்கிறார்கள். சாப்பிடுவது வேறு, குடல் உறிஞ்சுவது வேறு. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரை அல்லது ஊசியில் சரிசெய்யலாம். இதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

2. காசநோய் மாத்திரை. தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் தொடங்கிய நெஞ்சக நோய் மருத்துவமனை நம் பகுதிக்கே அடையாளம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். அதற்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் என்னும் மருந்து சிலருக்கு நரம்பு மதமதப்பைத் தரும். அதனால்தான் கூடவே பி6 மாத்திரையும் கொடுக்கிறார்கள். "இது வெறும் சத்து மாத்திரைதானே" என்று அதை விட்டுவிடக் கூடாது.

3. தைராய்டு குறைவு, சிறுநீரகப் பாதிப்பு. இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் அறியலாம்.

4. இடுப்பு அல்லது கழுத்து எலும்புத் தேய்மானம், சவ்வு விலகல். ஒரு காலில் மட்டும், இடுப்பிலிருந்து கீழே இழுப்பது போல் வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நரம்புத் தொல்லை பெரும்பாலும் இரு கால்களிலும் ஒரே மாதிரி வரும்.

5. தொழுநோய். உடலில் வெளிறிய தேமல், அதில் உணர்ச்சி இல்லை என்றால் கூச்சப்படாமல் காட்டுங்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையான கூட்டு மருந்தில் முற்றிலும் குணமாகும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். செங்கல்பட்டு அருகே திருமணியில் இதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது.

6. சர்க்கரை வேகமாகக் குறைந்தது. இது பலருக்குத் தெரியாத விஷயம். நீண்ட நாள் கட்டுப்பாடின்றி இருந்தவர், இன்சுலினோ புது மருந்தோ தொடங்கி, சில வாரங்களில் சர்க்கரை மளமளவென்று இறங்கினால், எரிச்சல் புதிதாகத் தொடங்கலாம் அல்லது கூடலாம். "ஊசி போட்டதால்தான் வந்தது" என்று நினைத்து இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் மாதக்கணக்கில் இது மெல்லத் தணியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, உதட்டைச் சுற்றி மதமதப்பு ஆகியவை திடீரென்று வந்தால் அது நரம்புத் தளர்ச்சி அல்ல, சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே பரிசோதியுங்கள். கருவி இல்லையென்றால் காத்திருக்காமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள்.

பரிசோதனை எளிது

ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை செய்ய வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டு, கண்ணை மூடியபடி தெரிகிறதா என்று கேட்பார்கள். அதிரும் இசைக்கவையையோ அதிர்வுக் கருவியையோ விரலில் வைத்துப் பார்ப்பார்கள். கால் நாடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். வலி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். மருத்துவர் காலைப் பார்க்கவில்லை என்றால், நாமே செருப்பைக் கழற்றி, "டாக்டர், காலையும் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்கலாம். அது நம் உரிமை.

நம் பகுதியில் உள்ளவர்கள் முதலில் அருகிலுள்ள நகர்ப்புற சுகாதார நிலையத்துக்கோ குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ செல்லலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை நடந்து போகும் தூரம். அங்கு நீரிழிவுக்கென்றே தனித்துறை உண்டு. வெளியே செல்ல முடியாத முதியோருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். நம் தெருவுக்கு வரும் பணியாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் நம்மவர்கள் பலர் செல்கிறார்கள். அங்கே என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை ஆங்கில மருத்துவரிடமும், இங்கே எடுப்பதை அங்கேயும் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் யாரையும் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

"மனநோய் மாத்திரை கொடுத்துவிட்டார்கள்"

இந்தப் புகார் எங்களிடம் வந்திருக்கிறது. கால் எரிச்சலுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பற்றி மகன் செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறார். மனச்சோர்வுக்கான மருந்து என்று இருந்ததாம். "எங்கள் அத்தாவுக்கு என்ன பைத்தியமா?" என்று கோபப்பட்டு நிறுத்திவிட்டார்.

விஷயம் இதுதான். நரம்பு எரிச்சலுக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் போன்றவை மனச்சோர்வுக்கும், பிரிகாபலின், கபாபென்டின் போன்றவை வலிப்புக்கும் தரப்படுபவை. அதே மருந்துகள் நரம்பு அனுப்பும் பொய்ச் செய்தியையும் தணிக்கின்றன. அதற்காகவே தருகிறார்கள். உடனே கேட்காது, சில வாரங்கள் ஆகலாம். எரிச்சல் முழுவதும் போகாமல் பாதியாகக் குறைந்தாலே அது நல்ல பலன். தூக்கம், தலைசுற்றல், கால் வீக்கம் வரலாம். ஃபஜ்ருக்கு எழும்போது உடனே எழுந்து நடக்காமல், படுக்கையில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் தாமாக வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். "நரம்பு ஊசி" என்று சிவப்பு ஊசியை வாரம்தோறும் போட்டுக்கொள்வதும் பி12 குறைவு இருப்பவருக்கே பயன். அளவுக்கு மீறிய பி6 மாத்திரை நரம்பையே கெடுக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அடிப்படையான மருந்து சர்க்கரைக் கட்டுப்பாடுதான். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 1993-இல் வெளியான பெரிய ஆய்வில், கடுமையான கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பு வரும் வாய்ப்பை 60 விழுக்காடு குறைத்தது. நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் இரண்டாம் வகையில் பலன் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், பாதிப்பு மேலேறும் வேகம் குறையும். பீடி, சிகரெட், புகையிலை வைத்திருப்பவர்கள் அதை விட்டால்தான் காலுக்கு இரத்தம் போகும்.

இரவைக் கடப்பதற்குச் சில வழிகள்

போர்வை பட்டு வலித்தால், கால் மாட்டில் ஒரு சிறு ஸ்டூல் வைத்து அதன்மேல் போர்வையைப் போடுங்கள். சுத்தமான பருத்தி சாக்ஸ் சிலருக்கு இதமாக இருக்கும். குளிர்ந்த ஈரத்துணியைச் சற்று நேரம் வைக்கலாம். பனிக்கட்டியை வைக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம், வெந்நீரில் கால் வைப்பது, அடுப்பு அனலில் காட்டுவது அறவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோன கால்களைப் பார்த்திருக்கிறோம். இஷாவுக்குப் பின் காலில் புண் இல்லாதவர்கள் செருப்பணிந்து சற்று நடப்பது நல்லது. தூக்கம் வராத நேரத்தில் செல்போனைவிடத் திக்ரும் ஸலவாத்தும் மனத்துக்கு அமைதி தரும். மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீண்ட கால வலி மனத்தையும் வருத்தும். அது ஈமான் குறைவு அல்ல.

உளூ நேரமே பாதம் பார்க்கும் நேரம்

"தினமும் பாதத்தைப் பாருங்கள்" என்பது உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் முதல் அறிவுரை. மற்றவர்கள் அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். நமக்கோ அல்லாஹ் ஒரு நாளைக்கு ஐந்து முறை காலைக் கழுவும் நேரத்தைத் தந்திருக்கிறான். குதிகால் நனையாமல் விடுவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். விரல்களுக்கு இடையே சுண்டுவிரலால் கோதிக் கழுவுவது சுன்னத். சர்க்கரை நோயாளிக்கு ஆபத்தான இடங்களும் இவையேதான்: வெடிக்கும் குதிகால், சேற்றுப்புண் வரும் விரல் இடுக்கு.

ஆகவே பழக்கத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழாமல், ஒரு வேளையாவது, வெளிச்சம் நன்றாக இருக்கும் ளுஹர் அல்லது அஸர் உளூவின்போது, பாதத்தைக் கண்ணால் பாருங்கள். நிறம் மாறியிருக்கிறதா, கொப்புளம், வெடிப்பு, ஆணி, நகத்தோரம் சிவப்பு உண்டா என்று கவனியுங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் கீசர் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள்.

உளூவுக்குப் பின் இன்னொரு வேலை உண்டு. விரல் இடுக்கை மென்மையான துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். ஐந்து வேளையும் ஈரமாகவே இருந்தால் சேற்றுப்புண் வரும். இதற்கென்று ஒரு கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் தடவக் கூடாது. ஆணியை பிளேடால் சீவுவதும், ஆணி பிளாஸ்டர் ஒட்டுவதும் வேண்டாம்.

பள்ளிக்கு வரும்போது

கோடை நாளொன்றில் ஜும்ஆ முடிந்து ஒரு பெரியவர், கூட்டத்தில் செருப்பைத் தேடிக்கொண்டு பள்ளிவாசல் முற்றத்து டைல்ஸ் தரையில் சில நிமிடங்கள் வெறுங்காலுடன் நின்றார். மற்றவர்கள் சூடு தாங்காமல் துள்ளித் துள்ளிப் போனார்கள். அவர் நிதானமாக நின்றார். அஸருக்கு உளூ செய்யும்போதுதான் இரு பாதங்களிலும் கொப்புளங்களைப் பார்த்தார். ஆறுவதற்குப் பல வாரங்கள் ஆயின.

ஆகவே செருப்பை ஒரு துணிப்பையில் போட்டு உள்ளே கையோடு கொண்டு வாருங்கள். வாசலில் போட்டுக்கொண்டே இறங்குங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் சாக்ஸ் அணிந்தபடியே தொழலாம். பள்ளி நிர்வாகிகளுக்கும் எங்கள் வேண்டுகோள்: முற்றத்தில் பாய் விரியுங்கள், உளூ செய்யும் இடத்தில் சில நாற்காலிகளும் கைப்பிடியும் அமையுங்கள். உம்ரா, ஹஜ் செல்பவர்கள் புதுச் செருப்பைப் புறப்படும் அன்று போடாமல் ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகுங்கள். இஹ்ராமில் ஆண்கள் அணியத்தக்க, அடி மெத்தென்ற செருப்பு எது என்று ஹஜ்ரத்திடம் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குள்ளும் தனிச் செருப்பு வையுங்கள். விரலிடுக்கில் வார் போகும் ஹவாய் செருப்பு உராய்ந்து புண்ணாக்கும். பின்வார் உள்ள எம்.சி.ஆர். செருப்பு நல்லது. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள். ஷூவைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஒரு சிறு கல்கூட நாள் முழுவதும் உள்ளே இருந்து பெரிய புண்ணை உண்டாக்கிவிடும்.

நோன்பும் தொழுகையும்

நரம்புப் பாதிப்பு காலோடு நிற்பதில்லை. சிலருக்கு ருகூவிலிருந்தும் சஜ்தாவிலிருந்தும் எழும்போது கண் இருட்டும். சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வரும் நடுக்கமும் வியர்வையும் தெரியாமலே போகும். இவர்கள் நோன்பு வைக்குமுன், ரமலானுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நோன்பு நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்றே உலமாக்கள் கூறுகிறார்கள். அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதை சூரா அல்பகராவிலேயே காண்கிறோம். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே.

சிறுநீர் கட்டுப்படாமல் சொட்டுவதால் வெட்கப்பட்டுப் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியவர்கள் உண்டு. இதுவும் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. இத்தகையவருக்கு ஒவ்வொரு வக்துக்கும் புதிதாக உளூ செய்து தொழும் சலுகை ஃபிக்ஹில் இருக்கிறது. காலில் கட்டுப் போட்டிருப்பவர் உளூ செய்யும் முறையில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே விவரங்கள் வேறுபடும். ஆனால் ஆறாத புண்ணை நனைத்தே ஆக வேண்டும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. விவரத்தை உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தாருக்கு

வெளியே தெரியாத வலி என்பதால், "நடிக்கிறார்", "வேலைக்குப் பயந்து சொல்கிறார்" என்று பேசுவது வீடுகளில் நடக்கிறது. அது காலின் எரிச்சலைவிடக் கொடிது. நம் பெண்கள் நிலை இன்னும் மோசம். எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, தன் காலைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவார்கள். பலர் பேசுவதே இல்லை. வாரம் ஒரு முறை உங்கள் உம்மாவின், நன்னிமாவின் காலை மடியில் எடுத்து வைத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையில் இதுவும் ஒன்று.

கீழ்க்கண்டவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்: பாதத்தில் புண், கொப்புளம், சீழ், துர்நாற்றம், விரல் கறுத்தல், ஒரு பாதம் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்குதல் (வலி இல்லாவிட்டாலும்), புண்ணோடு காய்ச்சல். முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுதல், பேச்சுக் குழறுதல் என்றால் அது நரம்புத் தளர்ச்சி அல்ல, பக்கவாதம். உடனே 108-ஐ அழையுங்கள்.

மருத்துவச் செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். பி12 பரிசோதனைக்கோ, எம்.சி.ஆர். செருப்புக்கோ வசதி இல்லாதவர்கள் மருத்துவர் சீட்டுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். செருப்புக்கு உதவி கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். விரலை எடுத்த பிறகு மருத்துவமனைச் செலவுக்கு உதவுவதைவிட, அந்த விரல் காலோடு இருக்கும்போதே செருப்பு வாங்கிக் கொடுக்கத்தான் நாங்கள் விரும்புகிறோம்.

இதைப் படித்து முடித்ததும் அடுத்த வக்துக்கு உளூ செய்யப் போவீர்கள். அப்போது ஒரு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து, பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்